விடுபட்ட ‘ங்க’

படப்பிடிப்பு அரங்கில் அவளுக்குச் ‘சரித்திர மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே மேடம். முதுகுக்குப் பின்னால் வெறும் சரித்திரம். “சரித்திரம் வருது, டீ கிளாஸைக் குழியிலேர்ந்து எடுங்கடா!” என்று லைட்டுக்காரர் பதறியது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. சிரித்துக்கொண்டாள். குழிக்குள் டீ குடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொன்னவள் அவள்தான்.

வெண்கலப் படகு கிடைத்த கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அகழாய்வில் பழங்காலப் புதைகுழி ஒன்றிலிருந்து வெளிவந்த உள்ளங்கை அளவுப் படகு அது. பள்ளிப் புத்தகத்தில் அதன் படத்தைப் பார்க்காத பிள்ளை கிடையாது. அதைத் தோண்டி எடுத்த குழுவில் வரைபடம் போட்டவள் அவள்; படகின் மேல் முதலில் பட்ட கரண்டியும் அவளுடையதுதான். இப்போது அருங்காட்சியகத்தில் வேலை. தொடரில் தப்புத்தவறு வராமல் பார்த்துக்கொள்ள அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவள் சொன்னதில் பாதி நடந்தது. குழியின் சுவர்களை நேராகச் செதுக்கினார்கள். கதாநாயகியின் வளையல்களைக் கழற்றினார்கள். படகு தகதகவென்று மின்னக் கூடாது, பச்சை பூத்திருக்க வேண்டும் என்றபோதுதான் டைரக்டர் முரண்டு பிடித்தார்.

“பச்சையா இருந்தா பாக்கறவங்க பாசின்னு நினைப்பாங்க மேடம்.”

“நாங்களும் முதல்ல பாசின்னுதான் நினைச்சோம்.”

“சரி, பச்சை. ஆனா பின்னாடி வயலின் வரும். அன்னைக்கு வயலின் வாசிச்சாங்களான்னு மட்டும் கேட்டுடாதீங்க.”

படகு கிடைக்கும் காட்சிக்கு ஒத்திகை நடந்தது. கதாநாயகி மண்டியிட்டுச் சிறு கரண்டியால் மண்ணைச் சுரண்டினாள். போட்டோ எடுப்பவனாக நடித்த கதாநாயகன் மேலே நின்று குனிந்தான். படகின் முனை தெரிந்ததும், “இருங்க!” என்றான். அவள் கை நின்றது.

“‘ங்க’ கிடையாது,” என்றாள் சரித்திர மேடம்.

எல்லோரும் திரும்பினார்கள். வசனம் எழுதும் பெண் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள். “என்ன மேடம்?”

“‘இரு’ன்னுதான் சொன்னாரு. ‘இருங்க’ இல்ல.”

“மேடம், அடுத்த மாசம் கதையில இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமே பண்ணி வைக்கறோம். அது முழுப் பொய். அதை விட்டுட்டீங்க. ஒரு ‘ங்க’வுக்குச் சண்டைக்கு வர்றீங்களே!”

சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். அந்தக் கல்யாணத்தைப் பற்றித் தான் ஏன் வாயே திறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

“இல்ல மேடம், நிஜமாவே விசாரிச்சுத்தான் எழுதினேன்,” என்றாள் வசனப்பெண், சற்று இறங்கி. “அந்த போட்டோகிராபர் சார்கிட்டயே போன்ல பேசினேன். ‘இருங்கன்னு சொன்னேன், அவங்க கையை நிறுத்திட்டாங்க’ன்னு அவர் வாயாலதான் சொன்னாரு.”

சரித்திர மேடம் பக்கத்திலிருந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டு சாட்சி, ரெண்டு மாதிரி சொல்றாங்க. நாளைக்குக் காலையில ஷாட். நீங்களே அவர்கிட்டப் பேசி முடிவு சொல்லிடுங்க மேடம்.”

அகழாய்வுக் குழுவில் அந்த போட்டோகிராபருக்கு ‘நிழல்’ என்று பட்டப்பெயர். படம் எடுக்கும்போது யாருடைய நிழல் குழிக்குள் விழுந்தாலும், “நிழல்! நிழல்!” என்று கத்துவார். அவளிடம் மட்டும் கத்த மாட்டார். “உங்க நிழலைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கறீங்களா?” என்பார். எப்போதும் நீங்க, வாங்க, போங்கதான். சுரண்டும் கையை நிறுத்த வேண்டுமென்றால் குழியில் எல்லோருக்கும் ஒரே வார்த்தை, ‘நிறுத்து’. அவளுக்கு மட்டும் ‘நிறுத்துங்க’.

அன்று ஒரே ஒரு தடவை, மூச்சோடு மூச்சாக, ‘இரு’ என்றார்.

கையை நிறுத்தச் சொன்னாரா, தன்னை இருக்கச் சொன்னாரா? மறுநாளே அவர் பழையபடி, “அளவுகோலை இடது பக்கம் நகர்த்துங்க” என்று ஆரம்பித்துவிட்டார். மழைக்கு முன் குழியை மூடினார்கள். அவர் வேறு நாட்டுக்குப் போனார். அவள் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் பார்த்து வைத்த மாப்பிள்ளையை ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவளிடம் ஒரு வார்த்தைதான் இருந்தது. அதைச் சொன்னால் சிரிப்பார்கள். தங்கையிடம் மட்டும் சொன்னாள். தங்கை சிரிக்கவில்லை, தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒத்திகை நடந்த அன்று மாலை மொட்டை மாடியில், காயவைத்த துணிகளை எடுத்துக்கொண்டே தங்கை கேட்டாள். “நம்பர் கையில இருக்கு. அப்புறம் என்னக்கா யோசனை?”

“என்னன்னு கேக்கறது?”

“ஊர்ல இருக்கிற அக்காங்க எல்லாம் வீடு வேணும், வாசல் வேணும்னு நின்னாங்க. என் அக்கா ஒரு ‘ங்க’ இல்லைன்னு சந்தோஷப்பட்டு நின்னுட்டா. அதையாவது நிஜமான்னு தெரிஞ்சுக்கோ.”

“பொய்யா இருந்தா?”

தங்கை போர்வையை மடித்தாள். இடத்தைவிட்டு நகரவில்லை.

அவள் நம்பரை அழுத்தினாள். மணி அடித்ததும் அவர் எடுத்தார். அவளுக்குத் தன் பெயரைச் சொல்ல வரவில்லை. “நான்… படகுல உங்களோட…”

“குரல் தெரியுது. சொல்லுங்க.”

“சீரியல்காரங்க ஒரு சந்தேகம் கேக்கச் சொன்னாங்க. முனை தெரிஞ்சப்போ நீங்க என்ன சொன்னீங்க?”

“‘இருங்க’ன்னு சொன்னேன். அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேனே.”

“‘ங்க’ இல்ல.”

அந்தப் பக்கம் எங்கோ குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது.

“உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்றார், மெதுவாக. “வாய் தவறிடுச்சுன்னு அப்பவே தெரிஞ்சுது. அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் நீங்க தலையே நிமிரல. மரியாதை இல்லாமப் பேசிட்டேன்னு கோவம்னு நினைச்சேன். மறுநாள்லேர்ந்து பார்த்துப் பார்த்துப் பேசினேன். டிவியிலயாவது அது சரியா வரட்டும்னுதான் ‘ங்க’ சேர்த்துச் சொன்னேன்.”

நிமிர்ந்திருந்தால் முகம் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்திருக்கும். அதற்காகத்தான் நிமிரவில்லை. அதைச் சொல்லாமல் வேறொன்றைக் கேட்டாள்.

“கையைத்தானே நிறுத்தச் சொன்னீங்க?”

“கையை நிறுத்தணும்னா ‘நிறுத்துங்க’ன்னுதான் சொல்லுவோம். குழியில இருந்த உங்களுக்குத் தெரியாதா?”

அப்போது அவர் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அவரைக் கூப்பிட்டது. “இரு, வரேன்,” என்றார் அவர், போனிலிருந்து வாயை விலக்கி. எத்தனையோ வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த, யோசிக்காமல் வருகிற ‘இரு’.

“போங்க, கூப்பிடறாங்க,” என்றாள் அவள்.

“உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே போட்டுக்கச் சொல்லுங்க.”

“நடந்ததைத்தான் போடணும்,” என்றாள். “இன்னொண்ணு. அன்னைக்குக் கோவம் இல்ல. சீரியலுக்காகச் சொல்றேன். கோவமே இல்ல.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் போனை வைத்துவிட்டாள். தங்கை மடித்த துணிகளைக் கீழே வைத்துவிட்டு வந்து அக்காவின் முந்தானையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் வசனத்தில் ‘ங்க’வை அடித்தார்கள். ஆனால் கதாநாயகனுக்கு அந்த ஒற்றை வார்த்தை வசப்படவில்லை. முதலில் சொன்னபோது, ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி இருந்தது. அடுத்து சொன்னபோது, பிள்ளையை அதட்டுகிற அப்பா மாதிரி.

“‘இருங்க’ன்னா ஈசியா வருது மேடம்,” என்று அலுத்துக்கொண்டான். “அவரு எப்படிச் சொன்னாரு? ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன்.”

அவள் குழியின் விளிம்புக்கு வந்து நின்றாள். கீழே, அவளாக நடிக்கும் பெண் கரண்டியோடு மண்டியிட்டிருந்தாள். நெற்றியில் மண், காதோரம் கலைந்த முடி. வாழ்க்கையில் ஒருநாளும் அவள் இந்த இடத்தில், அவர் நின்ற இடத்தில், நின்று தன்னைப் பார்த்ததில்லை. அவர் கண்ணுக்குத் தான் இப்படித்தான் தெரிந்திருப்போமோ?

“இரு,” என்றாள்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் வயர் சுருட்டிக்கொண்டிருந்த லைட்டுக்காரர் கையை நிறுத்தினார். கீழே இருந்த பெண் மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

“நிமிராதம்மா,” என்றாள் அவள். “அவ நிமிரல.”

காமிரா ஓடியது. கதாநாயகன் குனிந்தான். இந்தத் தடவை சரியாக வந்தது. மூச்சோடு மூச்சாக, கேட்கிறவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“கட்! ஓகே!” என்று டைரக்டர் கை தட்டினார். “மேடம், திருப்திதானே? அடுத்ததுக்குப் போகலாமா?”

“இன்னொரு தடவை எடுக்கலாமா?”

“ஏன் மேடம்? கரண்டி தப்பாப் பிடிச்சிருக்காங்களா? படகு ரொம்பப் பச்சையா?”

“தப்பு ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியாத்தான் இருந்தது,” என்றாள் அவள், குழியிலிருந்து கண்ணை எடுக்காமல். “இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க.”