வாய்க்கால் ரோட்டு மூன்றாம் வீடு

வீட்டோ ஐயா வெளிப்படியில் ஏறிவரும் சத்தம் கேட்டதும் சிவமலர் மீன்சட்டியை மூடிவிட்டு யன்னலைத் திறந்தாள். இத்தனை வருசக் குடியிருப்பில் மனுசன் மேலே ஏறி வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் அந்தத் தெரு முழுக்க அப்படித்தான். கீழே வீட்டுக்காரன், மேலே வாடகைக்காரன், இடையில் வளைந்து வளைந்து ஏறும் ஓர் இரும்புப்படி. எழுபது தாண்டிய, முழங்கால் பழுதான மனிதர் அதில் ஏறுகிறார் என்றால் ஒன்றில் குழாய் கசிகிறது, இல்லாவிட்டால் சூடைப் பொரியல் மணம் கீழ்வீட்டுக்குப் போய்விட்டது. "வீட்டுக்காரனுக்குப் பேரும் வீட்டோ. பேர் வைச்ச தாய்தேப்பன் சாத்திரம் பார்த்துத்தான் வைச்சிருக்கினம்" என்று அவளுடைய மனுசன் பேரின்பநாதன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற பகிடி ஒன்று உண்டு. அவருக்கு அது இன்னும் புளிக்கவில்லை.

கிழவர் குழாயைப் பற்றியும் கேட்கவில்லை, மீனைப் பற்றியும் கேட்கவில்லை. கதிரையில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டார். இவர்கள் இத்தாலிக்குப் போகப்போகிற கதையைப் பேரின்பநாதன் வாசலில் வைத்து அவிழ்த்துவிட்டிருந்தார். பேரின்பநாதனின் தம்பி நிர்மலன் நேப்பிள்ஸில் இருக்கிறான். அவனுடைய மகள் நிருஷா பெரியபிள்ளையாகிவிட்டாள், ஓகஸ்டில் சாமத்திய வீடு. "நேப்பிள்ஸில் இருந்து எங்கட ஊருக்கு மூன்று மணித்தியால ஓட்டம்தான், மதாம் மலர்," என்றார் வீட்டோ ஐயா. அவருடைய பிரெஞ்சு ஒரு நொண்டி, அவளுடையது இன்னொரு நொண்டி. ஆனாலும் இரண்டும் ஒன்றன் தோளில் மற்றது கைபோட்டு நடக்கப் பழகியிருந்தன. அவர் சொல்வது அவள் காதில் எப்போதும் ஊர்த்தமிழாகவே விழும்.

தன் ஊர் உண்மையில் ஊரே இல்லை என்றார். கடதாசியில் கீறிக் கட்டியது. உலக யுத்தம் முடிந்த பிறகு இத்தாலி அரசாங்கம் பெரிய காணிக்காரரிடமிருந்து வெளியைப் பிடுங்கி, துண்டு துண்டாக அளந்து, மலையூரில் கழுதையோடு ஒரே அறையில் படுத்தெழும்பிய சனத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டதாம். ஆளுக்கொரு வீடு, ஒரு தொழுவம், ஒரு ரொட்டி அடுப்பு, ஒரு துண்டு வயல். எல்லா வீடும் ஒரே அச்சு. வீட்டோ ஐயாவுக்கு அப்போது மீசை அரும்புகிற வயது.

"கொலனி!" என்று கத்தினாள் சிவமலர்.

"கொலோனியா! சீ, சீ!" என்று, இத்தாலியத்தில் ஓம் போட்டு, கிழவரும் மேசையில் தட்டினார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்ததைக் கண்டுபிடித்தவர்கள்போல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

சிவமலரும் வன்னியில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே, அரசாங்கம் குடியேற்றிய ஒரு கொலனியில் பிறந்தவள்தான். அதற்காக அந்த இடத்தின்மேல் அவளுக்குப் பெரிய பாசம் இருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நேர்கோட்டில் ரோடு, நேர்கோட்டில் வாய்க்கால், பெயருக்குப் பதிலாக நம்பர். எப்படா தப்பலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. அதிலும் அவர்களுடையது வாய்க்காலின் கடைசிக் காணி. துருசு என்கிற மதகைத் திறந்து தண்ணீர் விட்டால் தலைப்புக் காணிக்காரர் மறித்துப் பாய்ச்சி, மிச்சம் மீதி கசிந்து வருவதற்குள் பயிர் வாடிவிடும். அவள் அப்பு என்று கூப்பிடும் தகப்பன் மண்வெட்டியோடு போய்ச் சண்டைபிடித்து மண்டை உடைந்து வந்திருக்கிறார். அந்தத் தலைப்புக் காணிக்காரரின் மகள் யோகராணியும் இப்போது மொன்றியலில்தான். டொலார்ட் முருகன் கோயிலில் அவளைக் கண்டால் சிவமலர் ஒரு சுற்றுக் குறைத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். முருகன் மன்னிப்பார், அப்பு மன்னிக்கமாட்டார்.

"எங்கட காணியும் வால்பக்கம்தான்," என்றார் வீட்டோ ஐயா. "கோயில் கிட்ட, தண்ணி தூர. மேல இருந்தவங்கள் மறிச்சுப்போடுவாங்கள். அதாலதான் கப்பல் ஏறினனான். வாய்க்கால் ரோடு, மூன்றாம் வீடு. கூரை இருக்கோ எண்டு மட்டும் ஒருக்காப் பாருங்கோ. கூரை இருந்தா வாற வசந்தத்துக்குப் போறன், மகள் ரீட்டா எவ்வளவு கத்தினாலும் போறன். இல்லையெண்டா இந்த வயதில கல்லுக்குவியலைப் பார்க்க நான் ஏன் போவான்?"

"அங்கை உங்களுக்கு ஆரும் இருக்கினமோ?"

"தங்கச்சி ஒருத்தி இருந்தவள்," என்றார். அவள் "பாவம்" என்றாள். அதற்குமேல் கேட்பது சரியில்லை என்று தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள். எந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது வீடு என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்குமே அது கேட்கத் தேவையில்லாத விசயமாக இருந்தது.

சாமத்திய வீடு முடிந்து பலகாரம் தின்று களைத்திருந்த ஒரு நாள், நிர்மலன் அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். மலைகளைச் சுற்றிச் சுற்றி இறங்கியதும் சிவமலருக்குக் கண் சொக்கிவிட்டது. விழித்தபோது எல்லாம் தட்டையாகிவிட்டிருந்தது. வெட்டி முடித்த கோதுமை வயல், மஞ்சள் வெளி, வெளிக்கு நடுவில் வெயிலில் ஆடிக்கொண்டு ஒரு கோயில் கோபுரம். போர்கோ சான் ரொக்கோ என்று பலகையில் பெயர். நிர்மலன் கோயில் நிழலில் காரை விட்டான். "அண்ணி, நான் உதில ஒரு கோப்பி குடிக்கிறன், நீங்கள் பார்த்திட்டு வாங்கோ" என்றான்.

வெயிலில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. கோயில் வாசலில் தொடங்கி நூல் பிடித்ததுபோல் ஒரு ரோடு, ரோட்டோடு சீமெந்து வாய்க்கால், வாய்க்காலைப் பார்த்தபடி ஒரே மாதிரி வீடுகள். பாதி வீடுகளுக்கு யன்னல் இல்லை. நம்பர்கள் எப்போதோ அழிந்துவிட்டன. சிவமலருக்கு உடம்பு லேசாகிப் போயிற்று. தான் நடக்கிறாளா, யாரும் நடத்திக்கொண்டு போகிறார்களா என்று தெரியாத ஒரு நடை. ஒவ்வொரு வீட்டுக்கும் இடையில் எத்தனை எட்டு என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. மொன்றியலில் இத்தனை வருசம் மெட்ரோவிலும் பனியிலும் நடந்தது எல்லாம் இடையில் ஒரு சின்ன நித்திரை என்பதுபோல் இருந்தது.

"இஞ்சேருங்கோ, இனி ஒரு சந்தி வரும். சந்தியில சங்கக்கடை இருக்கும்."

சந்தி வந்தது. மூடிக்கிடந்த ஒரு நீளக் கட்டடத்தின் நெற்றியில் கூட்டுறவு என்று இத்தாலி எழுத்தில் பாதி உதிர்ந்து கிடந்தது. பேரின்பநாதன் நின்று அவளைப் பார்த்தார்.

"நீர் முந்தி இஞ்சை வந்தனீரோ?"

"கனவில வந்திருப்பன்."

"வெயில் தலைக்கேறிட்டுது. தொப்பியைப் போடும்."

அதற்கு முன்னரே, கோயிலுக்குக் கிட்ட ஒரு கூரையில்லாத வீட்டின் சுவர் நிழலில் நின்று அவள் செருப்புக்குள் போன கல்லை உதறியிருந்தாள். உள்ளே ரொட்டி அடுப்பு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அறைக்குள் ஆளுயரத்துக்குப் பெருஞ்சீரகச் செடி. "பாவம், ஆரின்ர வீடோ" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். வாய்க்காலில் தண்ணீர் கரைதட்ட ஓடிக்கொண்டிருந்தது. மறிக்கிறவர்களும் இல்லை, கேட்கிறவர்களும் இல்லை.

ரோட்டின் அந்தத் தொங்கலில் துருசு இருந்தது. துருசில் கைவைத்து, அங்கிருந்து திரும்பி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர் வரும் பக்கத்திலிருந்து எண்ணாமல் வேறு எங்கிருந்து எண்ணுவது? மூன்றாம் வீட்டைக் கண்டதும் அவளுக்கு வாயெல்லாம் பல். ஓடு மாற்றிய கூரை, பச்சை யன்னல், கோழிகள், முற்றத்துப் பலகைகளில் உப்புத்தூவிக் காயும் தக்காளி. "வீட்டோ ஐயாவுக்கு அடிச்சுது யோகம்!" என்றாள். உள்ளேயிருந்து ஒரு கிழவி சமையல் மேலங்கியில் கைதுடைத்தபடி வந்தாள்.

சிவமலர் வீட்டைக் காட்டி, வீடு என்பதற்குத் தனக்குத் தெரிந்த ஒரே இத்தாலிச் சொல்லில் கேட்டாள். "வீட்டோ? கசா? மொன்றியல், வீட்டோ?"

கிழவி நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உதடு அசைந்தது. சொன்னதையே இரண்டு மூன்று தரம் சொன்னாள், சொல்லும்போது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். சிவமலரின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் இருத்தி ரொட்டி, தக்காளி, எண்ணெய், குளிர்ந்த தண்ணீர் என்று அள்ளி அள்ளி வைத்தாள். மழைபோல் கதைத்தாள். இவள் ஒன்றும் விளங்காமல் "ஓம், ஓம்" என்றாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரியாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். படம் எடுக்கப் போனபோது கிழவி மேலங்கியைக் கழற்றி எறிந்தாள். உள்ளங்கையை நனைத்துத் தலைமயிரைப் படிய வைத்துக்கொண்டு வாசலில் விறைப்பாக நின்றாள். நிர்மலன் கோர்ன் அடித்துக் கூப்பிடும்வரை அந்த வீட்டை விட்டு வர சிவமலருக்கு மனமே இல்லை.

மொன்றியலுக்குத் திரும்பி, படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு அவள் கீழே போனபோது செப்ரெம்பர் ஆகிவிட்டது. வீட்டோ ஐயா குசினியில் பெரிய சட்டியில் தக்காளிச் சாறு காய்ச்சிக்கொண்டிருந்தார். "கூரை இருக்கு!" என்று வாசலிலேயே சொன்னாள். கிழவர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் படத்தை எடுத்தார். பார்த்தார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் பார்த்தார்.

"இது எங்கட வீடில்லை."

"மூன்றாம் வீடு ஐயா. நான் துருசில இருந்து எண்ணினனான்."

"துருசில இருந்து ஆர் எண்ணுறது? கோயில்ல இருந்தெல்லோ எண்ணுறது!" அவருடைய குரல் உடைந்தது. "இது அவங்கட வீடு. தண்ணி மறிச்சவங்கட வீடு."

கொலனிக்காரி புத்தி கொலனியோடேதான் போகும், தண்ணி தூர என்று மனுசன் சொன்னதும் மறந்துபோச்சே என்று சிவமலர் தன்னையே திட்டிக்கொண்டாள். எதிரி வீட்டில் ரொட்டி தின்றுவிட்டு வந்து படமும் காட்டுகிறாள்! அப்பு இருந்திருந்தால் விளக்குமாறு எடுத்திருப்பார்.

"அப்ப கோயில்ல இருந்து மூன்றாவதைப் பார்த்தனீங்களோ?"

செருப்புக் கல்லை உதறிய அந்த வீடு கோயிலிலிருந்து மூன்றாவதுதான் என்று அவளுக்கு இப்போது உறைத்தது. பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடினாள். கவனிக்கவில்லை என்று சொல்லலாம். மனுசன் நம்பிக்கொண்டாவது இருப்பார். ஆனால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்களைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பார்த்தனான். கூரை இல்லை ஐயா."

அவர் தலையாட்டினார். "ம். அப்ப சரி." படங்களை அடுக்கி அவள் பக்கம் தள்ளிவிட்டுச் சட்டிப் பக்கம் திரும்பிக் கிண்டத் தொடங்கினார். சிவமலருக்கு அழுகை வந்தது. கால்முறிந்த கோழி மாதிரி மனுசன் சுருங்கிப்போய் நின்றார். போய்விடலாம் என்று படங்களை வாரியெடுக்கும்போது அடியில் இருந்த ஒன்று வழுகி நிலத்தில் விழுந்தது. அவர்தான் குனிந்து எடுத்தார். எடுத்தவர் நிமிரவே இல்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

"இது ஆர்?"

"அந்த வீட்டு அம்மா. உங்கட பேரைச் சொன்னவுடன அப்படியே நிண்டிட்டா. உங்கட ஆளாக்கும் எண்டு நினைச்சனான்."

"என்ன சொன்னவள்?"

"லா கசா டி வீட்டோ எண்டா. சீ, சீ, லா கசா டி வீட்டோ எண்டு. ஓம், ஓம், வீட்டோவின்ர வீடு எண்டுதானே?"

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னாள். மூன்றாம் முறை சொல்லும்போது கை தன்பாட்டில் நெஞ்சுக்குப் போயிற்று. கிழவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாருக்கோ கணக்குச் சொல்வதுபோல, தங்கச்சி கார்மெலா என்றார். தண்ணீர் மறித்த வீட்டுப் பெடியனைக் கட்டிக்கொண்டு போனவள். அவள் எங்களுக்குச் செத்துப்போனாள் என்று தகப்பன் சொன்னார். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு கப்பல் ஏறினேன். மனிசிக்கும் அப்படித்தான் சொன்னேன், ரீட்டாவுக்கும் அப்படித்தான் சொன்னேன்.

சட்டியில் சாறு குமிழிவிட்டது. சிவமலர் துடுப்பை எடுத்து ஒரு சுற்றுக் கிண்டினாள். பேசினால் ஏதாவது விசர்க்கதை கதைத்துவிடுவாள் என்று பயந்தாள்.

"கிழவியாகிப் போனாள்," என்றார் வீட்டோ ஐயா. "நல்லா இருக்கிறாளோ? நடக்கிறாளோ?"

"நடக்கிறாவோ! என்னை இழுத்துக்கொண்டு ஓடினவ."

அவர் சிரித்தார், சிரிப்பு நடுவழியில் வேறொன்றாகிவிட்டது. மூக்கைத் துடைத்தார். திடீரென்று எழும்பினார். "கமரா எங்கை? என்னையும் ஒண்டு எடுங்கோ. வாசல்ல வைச்சு எடுங்கோ."

"மேலை கிடக்கு ஐயா, இந்தா, ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்."

கமராவோடு இறங்கிவரும்போது பாதிப் படியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கைபிடியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தாள். வீட்டோ ஐயா சாறு தெறித்த மேலங்கியைக் கழற்றிவிட்டிருந்தார். நனைத்துப் படியவைத்த தலைமயிரில் இருந்து தண்ணீர் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே சட்டி பொங்கி அடுப்பில் ஊற்றும் சீறல் படிவரைக்கும் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். கைகளை நேராகத் தொங்கவிட்டு, நாடியை உயர்த்தி, கண் இமைக்காமல் வாசல் நிலைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.