ஹிலாரியோ தேறிவிட்டான்

மூளையைச் சோதிக்க லிமாவிலிருந்து டாக்டர்கள் வந்து பள்ளிக்கூடத்தில் எந்திரத்தை இறக்கியபோது நான் சிலுவை போட்டுக்கொண்டேன். உடனே போய் என் புருஷன் ஹிலாரியோவின் பேரைக் கொடுத்தேன்.

மூச்சுக்குக் காற்றுப் போதாத இந்த உயரத்தில் பாதி ஆயுளைத் தங்கச் சுரங்கத்தில் கழித்தவன். போன மாதம் வெடிக்குத் திரியைக் கொளுத்திவிட்டு, கொளுத்தியதை மறந்து, அங்கேயே கோக்கா இலை மெல்ல உட்கார்ந்துவிட்டான். மேஸ்திரி தியோடோரோதான் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். மூளை பழுது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் உள்ளே விடமாட்டார்கள். கீழே ஜுலியாக்காவில் என் தம்பியிடம் மூட்டை தூக்கியாவது உயிரோடு கிடப்பான்.

சோதனை எளிது. ஐந்து சொற்களைச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்குத்தான் எந்திரம்.

ஹிலாரியோ சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"ஆடு, ஏணி, உப்பு, தொப்பி, மணி. அஞ்சும் சொல்லிட்டேன்டி."

"நேத்து நம்ம வீடு எதுன்னு தெரியாம பக்கத்துல ஹசிந்தா வீட்டுக்குள்ள போனவன் நீ."

"அவ சூப்பு நல்லா வெப்பா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தச் சோதனையில் தோற்றாலும் இங்கே வேலை போய்விடும். ரத்தத்தில் காற்றின் அளவு பார்க்க வந்தால் அளவு கூடக் காட்டட்டும் என்று சூடான பிளாஸ்க்கில் விரலைத் தேய்த்துக்கொண்டு போகிறவர்கள். முதலில் போனவன் ஐந்து சொற்களோடு வந்தான். வரிசை முழுக்க மனப்பாடம்.

டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"வேற வார்த்தை சொல்லிக் கேளுங்க டாக்டரம்மா."

"எல்லாருக்கும் ஒரே வார்த்தைதாம்மா. மாத்துனா ஆராய்ச்சி கெட்டுரும்."

"என் புருஷன் கெட்டுட்டானே."

"அடுத்த வருஷம் வருவோம்" என்றாள். இளம்பெண். உயரம் ஒத்துக்கொள்ளாத தலைவலியில் அவள் முகமே வெளுத்திருந்தது.

தியோடோரோவைப் பிடித்தேன். "முதல்ல போனது நீதானே அண்ணே? அஞ்சு வார்த்தை சொல்லிக்கொடுத்தியே, நாளைக்குத் திரி கொளுத்தும்போதும் பக்கத்துல நின்னு சொல்லிக்கொடு."

அவர் மென்றதைத் துப்பினார். "நல்லதுன்னுதான் செஞ்சோம் தங்கச்சி. தோத்தா பொழப்பு போயிருமே."

"உசுரு?"

அவர் சுரங்கப் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலை சுரங்க வாயிலில் அவரே ஹிலாரியோவை உள்ளே விடாமல் நிறுத்தினார். "நான் தேறிட்டேன்யா, டாக்டரே சொல்லிட்டாங்க" என்று இவன் கத்தியது கழிவுக்கல் சரிவில் இருந்த எங்களுக்கும் கேட்டது. அங்கே பெண்கள்தான் பொன் ஓடிய கல்லைத் தேடிப் பொறுக்குவோம். ஹிலாரியோ இறங்கி வந்து எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

"பொம்பள வேலை" என்றான்.

"ஜுலியாக்கா போலாம்."

"நான் தேறிட்டேன்."

பொன் ஓடிய கல்லைத் தள்ளிவிட்டு வெறுங்கல்லை என் சாக்கில் போட்டான். எடுத்து வெளியே எறிந்தேன். மறுபடி அதையே போட்டான்.