மஞ்சள் மூடி வாரம்

பத்தொன்பது வருடமாக எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் நான் எழுதுவது ஒரே ஆளைப் பற்றித்தான். என் கணவர் மெர்வ். பேருக்கு அது 'வீட்டுப் பக்கம்'. மெர்வ் மீன் பிடிக்கப் போய்த் தன் தொப்பியையே பிடித்து வந்தது, என் பிறந்த நாளுக்குத் தோட்டத்துக் குழாய் வாங்கி வந்தது என்று வண்டி ஓடியது. எழுபத்தொரு வயதில் என் முட்டி வலிப்பதை எழுதினால் யாரும் படிப்பதில்லை. மெர்வுக்கு முட்டி வலித்தால் கசாப்புக் கடையில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

எங்கள் தெருவில் குப்பைத்தொட்டி விஷயத்தில் மெர்வ் வைத்ததுதான் சட்டம். சிவப்பு மூடித் தொட்டி வாராவாரம் போகும். மறுசுழற்சிக் குப்பைக்கான மஞ்சளும் தோட்டக் குப்பைக்கான பச்சையும் வாரம் விட்டு வாரம். எது எந்த வாரம் என்று ஊர் கவுன்சில் அட்டை அடித்துக் கொடுத்திருக்கிறது. அதை யார் பார்க்கிறார்கள்? செவ்வாய் மாலை மெர்வ் எந்த நிறத்தை உருட்டி வைக்கிறாரோ, பதினான்கு வீடும் அதையே வைக்கும்.

போன மார்ச்சில் பச்சை வாரத்தில் மஞ்சளை வைத்தார். தெரு முழுக்க மஞ்சள். பச்சைக்கு வந்த லாரி, எடுக்க ஒன்றுமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. எழுதினேன். ஊரே சிரித்தது. மீன் வறுவல் கடைக்காரர் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார்.

அடுத்த செவ்வாய், மெர்வ் தொட்டிகளின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"இதுல எது நம்மளுது?"

"மூணும் நம்மளுதுதான் மெர்வ்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் ஊருக்கு வேடிக்கையாகக் காட்டியது அவருடைய நோயை.

நகரத்து டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார். திரும்பும்போது வண்டி ஓட்டியது நான்.

"பேப்பர்ல போட்டுடாதே கிழவி."

"நான் எழுதுறதையே நிறுத்திடறேன்."

"நிறுத்தினா மோப்பம் பிடிச்சிருவாங்க. என்னைக் கோமாளியாவே வெச்சிரு. கோமாளி தப்பு பண்ணா சிரிப்பாங்க, பாவம்னு பாக்க மாட்டாங்க. சத்தியம் பண்ணு."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சத்தியம் செய்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

அவர் இப்போது செய்யும் எதையும் எழுத முடியாது. செருப்பைக் குளிர்பெட்டியில் வைக்கிறார். என்றோ செத்துப்போன தன் அம்மா கடையிலிருந்து வந்தாச்சா என்று கேட்கிறார். அதனால் நானே கதை கட்டுகிறேன். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அவர் மேல், கசாப்புக் கடை மேல், இதையெல்லாம் எழுதுகிற என் கை மேல். வெளியே போனால் சிரிக்கிற ஊர், உள்ளே வந்தால் இவர். நடுவில் நின்று அழ எனக்கு ஓர் இடமில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு கிளெனிஸ் வேலிக்கு மேலே தலை நீட்டினாள்.

"மெர்வை எங்களுக்குக் குடுத்துட்டு எங்க ஆளைக் கூட்டிட்டுப் போயேன் நோரீன்! எங்க ஆளு பண்றதுல சிரிக்க ஒண்ணுமே இல்ல."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சமையலறை ஜன்னலில் மெர்வ் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கோ. ஆனா திருப்பித் தராதே" என்றேன். கிளெனிஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உள்ளே போய் அந்த வாரக் கதையைக் கட்டினேன். கிளப்பில் இறைச்சியைப் பரிசாக வைத்து நடத்தும் சீட்டுக் குலுக்கலில் மெர்வுக்கு ஒரு தட்டு சாசேஜ் விழுகிறது. ஒரு நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓட, பந்து உருட்டும் புல்தரையில் மெர்வ் காலுறையோடு துரத்துகிறார். அப்படி ஒரு நாயே கிடையாது. மெர்வ் கிளப்புக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. டோஸ்டைக் கையில் வைத்துக்கொண்டே படித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அந்த நாய்! இன்னும் கண்ணு முன்னால நிக்குது. நீகூட அன்னிக்கு அந்தச் சிகப்புக் கோட்டு போட்டிருந்தே."

என்னிடம் சிவப்புக் கோட்டு எப்போதும் இருந்ததில்லை.

"எல்லாம் ஞாபகம் இருக்கு பாத்தியா? அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல."

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. எத்தனையோ மாதமாக நான் பார்க்காத பெருமை.

"ஆமா மெர்வ்" என்றேன். "அந்தக் கோட்டுல ஒரு பொத்தான்கூட அன்னிக்குத்தான் அறுந்துபோச்சு."