பகிர்தலுக்கு ஐந்து நட்சத்திரம்

கோர்ட்டு அனுப்பும் பெண்பிள்ளைகளை வைத்திருக்கும் அந்த இல்லத்தில், தீவிரக் கவனிப்புப் பிரிவு என்பது ஆறு கட்டில் போட்ட ஒரு கூடம். தூக்கத்தில் அலறுகிறவர்கள், தங்களையே காயப்படுத்திக்கொள்கிறவர்கள் என்று எல்லாரும் பதினாறு பதினேழு வயசு. கால் மணிக்கு ஒரு தரம் காவலர் எட்டிப் பார்க்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் ஆலோசகரோடு பேச வேண்டும். ஆலோசகர் ஒரே ஒருத்திதான். பிள்ளைகளுக்கு அவள் அக்கா.

சுவரில் ஓர் அட்டவணை. சுத்தம், கீழ்ப்படிதல், அமைதி, பகிர்தல் என்று நாலு கட்டம். ஒழுங்காக நடந்தால் நட்சத்திர ஸ்டிக்கர். இருபது சேர்ந்தால் பொதுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே எட்டிப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். மனசுக் காயத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. அக்காவும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

போன வருஷம் நெட்டைக்கு ஒட்டினாள். அந்தப் பெண் குனியாமல் கூடத்து வாசலைத் தாண்ட முடியாது, அவ்வளவு உயரம். ஒரே நாளில் பகிர்தலில் ஐந்து நட்சத்திரம் வாங்கினாள். சீப்பு, சோப்பு, ஸ்வெட்டர், செருப்பு என்று ஆளுக்கொன்றாய்க் கொடுத்தாள். ஐந்தாவதாக, தன் நீல ஹேர்கிளிப்பை அக்கா கையில் வைத்தாள். எல்லாருக்கும் உச்சி குளிர்ந்தது. அக்கா கையெழுத்துப் போட்டாள். பொதுப் பிரிவுக்குப் போன மூன்றாம் நாள் நெட்டை தன் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

அவள் செய்தது பகிர்தல் இல்லை, பாகப்பிரிவினை என்று அப்புறம்தான் அக்காவுக்கு உறைத்தது. விசாரணையில் அவள் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். கிளிப்பை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள். அன்றிலிருந்து கூடத்து வாசலில் நிழல் விழுந்தால் போதும், யாரோ குனிந்து வருவதாகத் தோன்றும்.

இன்றைக்குக் காலையில், நாலு நாள் லீவு முடிந்து வந்தவளிடம் கண்காணிப்பாளர் ஒரு படிவத்தை நீட்டினார்.

"நம்ம வாயாடி தேறிட்டாம்மா. இருபது சேந்துருச்சு. பத்து மணிக்குப் புதுப் பொண்ணு வருது, கட்டில் வேணும். ஒரு கையெழுத்துப் போட்டுடு."

வாயாடி பேசினால் காவலர் காதில் வைக்கப் பஞ்சைத் தேடுவார். அவளுக்கு அமைதியில் ஆறு நட்சத்திரம் என்றபோதே அக்காவுக்கு என்னவோ போலிருந்தது. பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தாள். பகிர்தலில் நேற்று மட்டும் ஐந்து.

வாசலில் நிழல் விழுந்தது. வாயாடிதான், மூட்டையோடு. குட்டைப் பெண், ஆனாலும் அக்காவுக்கு அவள் குனிந்து வருவதாகவே பட்டது.

"அக்கா, இது உங்களுக்கு." ஒரு கைக்குட்டை. அம்மா தைத்தது. அதைத் தொட்டதற்காக ஒருத்தியைக் கடித்தே வைத்திருக்கிறாள்.

அக்கா கை நீட்டவில்லை. "அங்க போயி சாகலாம்னு இருக்கியா?"

கண்காணிப்பாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா பேச்சு இது, பிள்ளைகிட்ட."

வாயாடி தரையைப் பார்த்தபடி நின்றாள். "எப்படிக்கா தெரிஞ்சுது?" என்றாள்.

"போன வருஷம் ஒருத்திகிட்ட நான் கேக்காம விட்டுட்டேன்."

அக்கா டிராயரைத் திறந்து நீலக் கிளிப்பை எடுத்துப் படிவத்தின்மேல் வைத்தாள். "மேடம், நெட்டை போறதுக்கு முன்னாடி எனக்குக் குடுத்தது. விசாரணைல மறைச்சேன். இவள அனுப்ப முடியாது. காரணம் கேட்டா இதையே எழுதுறேன்."

"எழுதினா உன் வேலை போயிரும்."

"தெரியும் மேடம்." படிவத்திலேயே எழுதினாள். எழுதி முடித்து வாயாடியிடம் திரும்பினாள். "யார் யார்கிட்ட என்னென்ன குடுத்தியோ, எல்லாத்தையும் போய் வாங்கிட்டு வா. நானும் கூட வரேன். அப்புறம் உக்காந்து பேசுவோம்."

வாயாடி கட்டில் கட்டிலாகப் போனாள். "குடுத்தத திருப்பிக் கேக்குற, வெக்கமா இல்ல?" என்று ஒருத்தி முகத்தைத் திருப்பினாள். "என் சோப்புடி அது, எடு," என்றாள் வாயாடி. குரல் கொஞ்சம் உயர்ந்தது.

சீப்பு வந்தது, சோப்பு வந்தது, ஸ்வெட்டரும் வந்துவிட்டது. அக்கா அட்டவணையிலிருந்து ஐந்து நட்சத்திரங்களையும் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

மேஜைமேல் நீலக் கிளிப் அப்படியே கிடந்தது. அதைத் திருப்பிக் கேட்க யாரும் வரவில்லை.