பேங்க் வாங்காத புளியங்கொட்டை

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. சிறுகடன் சங்கம் சொந்தப் பணத்தில் நடந்தால் லாபம் எவ்வளவு, பேங்க் கடனில் நடந்தால் எவ்வளவு என்று ஒரு பத்திரிகையில் எழுதித் தரச் சொன்னார்கள். பல்லாவரம் சந்தையில் பழைய பித்தளை விற்றவரின் மகன் நான். பேரம் பேசாமல் தாய்ப்பால்கூடக் குடித்திருக்க மாட்டேன். கணக்கென்றால் கசக்குமா? எழுதினேன். 1993: உறுப்பினர் இருபது. 1994: லாபம் மூன்று மடங்கு, உறுப்பினர் பத்தொன்பது.

அந்தப் பத்தொன்பதில் பேனா நின்றுவிட்டது.

2

முதல் வரிக்கு முயன்றவை:

வெள்ளிக்கிழமைச் சந்தையில் அன்று மழை பிடித்துக்கொ— (பொய். வெயில் கொளுத்தியது.)

கிளியம்மாள் ஒரு தியாகி— (இல்லை. காய்கறிக்காரி. சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பி வைத்து விற்பாள்.)

நேராகவே சொல்கிறேன். சந்தையில் கடை போடும் இருபது பெண்கள், வாரம் இரண்டு ரூபாய் சேர்த்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்டார்கள். தலைவி கிளியம்மாள். வசூல், ஒரு பிஸ்கட் டப்பாவில். தவணை கட்ட முடியாதவள் அதில் ஒரு புளியங்கொட்டையைப் போடுவாள்; பணம் வந்ததும் எடுத்துக்கொள்வாள். ஆறு வருடத்தில் ஒரு கொட்டைகூட உள்ளே தங்கிவிடவில்லை. நோட்டு எழுதியவன் நான்.

3

"சங்கத்துப் பன்னெண்டாயிரத்த பேங்க்ல ஈடா வைங்கக்கா. நாலு பங்கு கடன் தருவான்" என்றேன்.

[அடிக்குறிப்பு: நல்ல யோசனைதான். இன்றும் சொல்வேன். நாற்பத்தெட்டாயிரம் வந்தது, வட்டி கொட்டியது. ஒரே விதி: ஒருத்தி ஒரு தவணை தவறினாலும் இருபது பேருக்கும் அடுத்த கடன் கிடையாது. ஈடாகப் போன சொந்தப் பணத்தையும் தொட முடியாது.]

பூக்காரி புஷ்பம், கிளியம்மாளுக்குப் பக்கத்துக் கடை. இருவருக்கும் ஒரே தூக்கில்தான் சோறு. மகளுக்கு டைபாய்டு வந்த வாரம், புஷ்பம் டப்பாவில் கொட்டையைப் போட்டாள். கிளியம்மாள் அதை எடுத்து, எல்லார் முன்னாலும் அவள் கையிலேயே வைத்தாள்.

"இன்னாக்கா இது?"

"பேங்க்காரன் இத்த வாங்க மாட்டான்டி. காதுல தோடு கீதுல்ல, கழட்டு."

"நம்ம துட்டா இருந்தப்போ என்னை நம்பின. ஊரான் துட்டு வந்ததும் நானும் ஊராளா பூட்டனா?"

கிளியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன்.

புஷ்பம் தோட்டைக் கழற்றி வைத்தாள். பக்கத்தில் கொட்டையையும் வைத்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள், பிறகு வரவேயில்லை.

4

ஐந்து வருடமாயிற்று. வெள்ளிதோறும் கிளியம்மாள் தன் கடைக்குப் பக்கத்தில் ஒரு காலிச் சாக்கை விரிக்கிறாள். சந்தைக் குத்தகைக்காரன் அந்த இடத்துக்கும் வசூல் கேட்கிறான். கால் ரூபாய்க்கு ஒரு மணி நேரம் மல்லுக்கு நிற்பவள், அதை மட்டும் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறாள்.

போன மாதம் கூப்பிட்டாள்.

"சிட்டிபாபு, புஷ்பத்துக்கு ஒரு லெட்டர் போடேன். உனுக்குத்தான் எழுத வருமே."

"இன்னான்னுக்கா எழுதறது?"

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தொட்டுத் தொட்டு வழவழப்பாகிப்போன கொட்டை.

"எங்கிட்டதான் கீதுன்னு எழுது."

5

முடிவுகள்:

(அ) புஷ்பம் வருகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வாரப் பத்திரிகை நல்ல விலைக்கு எடுக்கும். நான் விற்கவில்லை.

(ஆ) கடிதத்தைப் புஷ்பம் படிக்காமலேயே கிழித்து— (அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

(இ) நான் மாடம்பாக்கம் பஸ் ஏறுகிறேன். அங்கே கோயில் வாசலில்தான் இப்போது அவள் கடை; பூ கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் போய்—

மூன்று தடவை ஏறினேன். மூன்று தடவையும் பாதி வழியில், சேலையூரிலேயே இறங்கிவிட்டேன். "அந்தக் கொட்டைய வாங்கிக்கக்கான்னு நீயாவது சொல்லியிருக்கலாமே" என்று அவள் கேட்டால்? லாபம் மூன்று மடங்கு என்று சொல்லலாம். யாரிடம் சொல்வது?

உங்களுக்கு அந்தப் பக்கம் ஏதாவது வேலை இருந்தால், ஒரு முழம் வாங்குங்கள். என்ன விலை சொன்னாலும் பேரம் பேசாதீர்கள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுங்கள். அவள் என்ன சொன்னாள் என்பதை எனக்கு எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை பல்லாவரம் போய்க் கிளியம்மாளிடம் சொல்லுங்கள்.

அடையாளம்: கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு காலிச் சாக்கு. மிதித்துவிடாதீர்கள்.