வித்வான் இல்லாத அறை

முதல்முறை ஒலிப்பதிவுக்குப் போகிறவர்களுக்குக் கை நடுங்கும், தொண்டை வறளும் என்பார்கள். என் மனைவிக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அன்று காலை நிதானமாகச் சாப்பிட்டாள். என் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள். நான் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்து, "பாடப் போறது நீங்களா நானா? ஒரு இடத்துல உக்காருங்க" என்றாள்.

அவள் மருந்துக்கடையில் பில் போடுபவள். கடை முதலாளி வீட்டு விருந்தொன்றில் அவள் பாடியதை ஓர் இசையமைப்பாளர் கேட்டார். தன் படத்தில் ஒரு பாட்டைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மெட்டை அனுப்பிவைத்தார். அதன் முதல் இரண்டு வரிக்கு வாத்தியம் கிடையாது. வெறும் குரல்தான். மூன்றாவது வரியில் வாத்தியங்கள் வந்து சேரும்போது குரல் சரியான சுருதியில் நிற்க வேண்டும், இம்மி விலகினாலும் பல்லிளித்துவிடும். அன்று மதியம் அதே ஸ்டுடியோவுக்குப் பெயர்பெற்ற பாடகி ஒருவர் வேறொரு பாட்டுக்காக வருவதாக இருந்தது. அதற்குள் இவளுக்கு அமையவில்லை என்றால் இதையும் அவரே பாடிவிடுவார். அதை இசையமைப்பாளர் ஒளிக்காமல் முதலிலேயே சொல்லியிருந்தார்.

"நியாயம்தானே" என்றாள் இவள். சொல்லிவிட்டு வேலையில் இறங்கினாள்.

அவள் தயாரானதைப் போல ஒருவர் தயாராகி நான் பார்த்ததில்லை. ஸ்டுடியோவில் நின்றுகொண்டுதான் பாட வேண்டும் என்பதால் வீட்டிலும் நின்றே பாடினாள். காகிதம் சரசரக்கும் என்று வரிகளைக் கெட்டி அட்டையில் எழுதிக்கொண்டாள். வளையலைக் கழற்றிவைத்தாள். மகளுடைய ஹெட்ஃபோனை வாங்கி ஒரு காதில் மட்டும் மாட்டிப் பழகினாள். எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். இசையமைப்பாளராக நடித்து, காரணமே சொல்லாமல் திரும்பப் பாடச் சொல்ல வேண்டும்.

"இன்னொரு தடவை" என்பேன்.

"கெஞ்சுற மாதிரி இருக்கு. கொஞ்சம் கடுப்பா சொல்லுங்க. கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, என்மேல கடுப்பே வந்ததில்லையா?"

"அப்பாவுக்கு நடிப்பு வராதும்மா" என்று மகள் அறையிலிருந்து குரல் கொடுப்பாள். அவளுக்குப் பரீட்சை நேரம். அதனால்தான் பயிற்சியெல்லாம் சமையலறையில் நடந்தது. அங்கே எங்கள் பழைய ஃபிரிட்ஜ் இருந்தது. எந்நேரமும் உம்மென்று இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு 'வித்வான்' என்று என் மனைவி பெயர் வைத்திருந்தாள். மாற்றிவிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், "அவர் பாட்டுக்கு இருக்காரு, விடுங்க" என்பாள். அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எந்த நேரத்தில் பாடச் சொன்னாலும் முதல் வரியைப் பிசகில்லாமல் எடுப்பாள். மூன்றாவது வரிக்கு வாத்தியத்தைப் போட்டால் கச்சிதமாகப் பொருந்தும்.

"சுருதி உள்ளயே உக்காந்துடுச்சுங்க" என்றாள் ஒருநாள். அது பெருமையாகச் சொன்னதல்ல. உப்பு சரியாக இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

ஸ்டுடியோவில் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அவள் அந்தப் பக்கம், சுவரெல்லாம் மெத்தை வைத்த சின்ன அறையில் மைக் முன்னால் நின்றாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

குரல் அழகாக வந்தது. மூன்றாவது வரியில் வாத்தியம் சேர்ந்ததும் எனக்கே பல் கூசியது. எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. அப்படி இருந்தும் தெரிந்தது.

"பரவாயில்லம்மா. முதல் தடவை, பயம் இருக்கத்தான் செய்யும்" என்றார் இசையமைப்பாளர்.

"பயமில்ல சார்" என்றாள். "இன்னொரு தடவை பாடுறேன்."

மறுபடியும் விலகியது. ஒலிப்பதிவாளர் கீபோர்டில் சுரத்தைக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு தொடங்கினாள். இரண்டாவது வரி முடிவதற்குள் குரல் மெல்லக் கீழே சரிந்துவிட்டது. இசையமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தான் பெயர்பெற்ற பாடகி உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சோபாவின் நுனிக்கு நகர்ந்தேன்.

அவள் மட்டும் அசையவில்லை. தலையைச் சாய்த்து அந்த அறையையே உற்றுக் கேட்டாள். பிறகு மைக்கில் பேசினாள்.

"என்னங்க, வீட்டுல நான் எங்க நின்னு பாடுவேன்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒலிப்பதிவாளர் ஒரு பொத்தானை அழுத்தி, பேசுங்கள் என்று சைகை காட்டினார்.

"சமையக்கட்டுல."

"எதுமேல சாஞ்சுக்கிட்டு?"

"வித்வான்…" என்று சொல்லிவிட்டு விழித்தேன்.

அவள் சிரித்தாள். "சார், தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டு ஃபிரிட்ஜு இத்தனை நாளா எனக்கு சுருதி போட்டிருக்கு. நான் எனக்குள்ள இருக்குன்னு நினைச்சுட்டேன். இங்க அவரு இல்ல."

ஒலிப்பதிவாளர் வாய்விட்டுச் சிரித்தார். இசையமைப்பாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஹெட்ஃபோன்ல விடாம ஒரு சுரம் போடலாமா?" என்று கேட்டார்.

"வெறும் குரல் சார். அது மைக்குல கசிஞ்சுரும்" என்றார் ஒலிப்பதிவாளர்.

"வேண்டாம் சார்" என்றாள். "அவரு செஞ்ச வேலைய நானே செஞ்சுக்குறேன். கொஞ்ச நேரம் மட்டும் குடுங்க."

இசையமைப்பாளர் பாடகியைப் பார்த்தார். பாடகி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் கீழ போய் ஒரு காபி குடிச்சுட்டு வரேன். அவசரமில்ல" என்றார். கதவருகே நின்று, "ஃபிரிட்ஜ் பரவாயில்ல. நான் கத்துக்கிட்ட காலத்துல எங்க வீட்டு மாடியில தண்ணி மோட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மனைவி கண்ணை மூடி, வாயைத் திறக்காமல் அந்தச் சுரத்தை முனகினாள். நிறுத்தினாள். வெறும் நிசப்தத்தில் நின்றாள். மறுபடி முனகி, கீபோர்டில் சரிபார்க்கச் சொன்னாள். சற்று இறங்கியிருந்தது. முகம் சுளிக்காமல் திரும்பவும் செய்தாள். நிசப்தத்தை ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் நீட்டினாள். கடைசியில், சுரம் விட்ட இடத்திலேயே நின்றது. வீட்டில் நாள்கணக்கில் செய்த தயாரிப்பு ஓட்டையென்று தெரிந்த பிறகும் கலங்காமல், வந்த இடத்திலேயே மறுபடி தயாரானவளை நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்போ ரெடி சார்" என்றாள்.

முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாவதில் வாத்தியம் வந்து சேர்ந்தபோது, தெரிந்தவர் வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்தது. "இன்னொரு தடவை" என்றார் இசையமைப்பாளர், காரணம் சொல்லாமல். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஏன் என்று கேட்காமல் பாடினாள். அதுவும் பொருந்தியது. படத்தில் இருப்பது அந்த இரண்டாவதுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் பயிற்சி என்றால் முதலில் ஃபிரிட்ஜை அணைத்துவிடுவாள். "வித்வானே, கொஞ்சம் ஓய்வெடுங்க." முடிந்ததும் திரும்பப் போட மறந்துவிடுவாள். எத்தனையோ முறை பால் திரிந்திருக்கிறது. இன்னும் சில பாட்டுகள் பாடினாள். அதற்குமேல் அவளுடைய உடம்பு விடவில்லை.

அவள் போன பிறகு, ஃபிரிட்ஜை மாற்றச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள். எப்போதாவது வானொலியில் அந்தப் பாட்டு வரும். முதல் வரி தொடங்குவதற்குள் ஓடிப்போய் ஃபிரிட்ஜை அணைத்துவிடுவேன். அந்தப் பாட்டில் என் மனைவிக்கு வித்வானின் சுருதி தேவைப்படவில்லை. பாட்டு முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுகிறேன்.