ஏழாம் திருவிழாப் பஞ்சபுராணம்

வயற்கரைப் பிள்ளையார் கோயிலில் ஏழாம் திருவிழா தில்லைநாதன் வீட்டு உபயம். பூசை முடிவில் தேவாரம் தொடங்கி ஐந்து பாட்டுகளான பஞ்சபுராணம் ஓதுவதும் அந்த வீட்டார்தான். ஒரு வருடம் வாய் மூடினால் மறு வருடம் இன்னொருத்தன் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுவான். அதே ஊர்த் திலீபன் வீட்டார் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

போன வருடம் மகள் தேனுகா ஓதும்போது ஒரு வரியை விழுங்கிவிட்டாள். சனத்துக்கு நடுவில் வைத்துத் தில்லைநாதன் அவள் கன்னத்தில் அறைந்தார். அன்றிலிருந்து அவள் தேவாரத்துக்கு வாய் திறக்கவில்லை.

திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு அவர் மகள் தேவாரம் படிக்கும் அறநெறி வகுப்புக்குப் போனார். மற்றப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்க, தேனுகா முதுகைக் காட்டிக்கொண்டிருந்து மாலை கட்டினாள்.

"பூக் கட்டவோ இவளை அனுப்பினனான்?"

வகுப்பை நடத்தும் தர்மிளா ரீச்சர் எழுந்து நின்றாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய செல்வராசாவின் மகள். "அவ வாறதே பெரிய விசயம் ஐயா. பாட்டுத் தன்ர பாட்டிலை வரும்."

"எப்ப? நான் செத்த பிறகோ? ஒரு பூவரசங் கம்பு முறிச்சு எடும். ரண்டு போட்டால் பாடுவாள்."

தேனுகா திரும்பவேயில்லை. "பிள்ளையாருக்குப் பாட்டு வேணுமெண்டால் அப்பாவையே பாடச் சொல்லுங்கோ, ரீச்சர்."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"கேட்டீரோ வாயை? தேயிலை கொய்த ஆக்களிட்டைச் சைவம் படிக்க விட்டது என்ர பிழை!"

தர்மிளாவின் முகம் கறுத்தது. குரல் உயரவில்லை. "நான் அடிக்கமாட்டன் ஐயா. பொறுங்கோ."

ஏழாம் நாள் மேளம் ஓய்ந்தது. "பஞ்சபுராணம்" என்றார் ஐயர். தேனுகா தூணோடு தூணாக நின்றாள். பக்கத்தில் நின்ற தர்மிளா கண்ணாலும் அவளை ஏவவில்லை. திலீபன் தொண்டையைச் செருமினான்.

தில்லைநாதன் பொறுக்கவில்லை. சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தானே தொடங்கினார். தேவாரம் ஒப்பேறியது, திருவாசகமும் ஒப்பேறியது. மூன்றாவதான திருவிசைப்பாவில் முதல் வரியோடு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"மனிசனுக்குப் பெற்றோல் முடிஞ்சுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

யாரும் தொடாமலே அவருக்குக் கன்னம் எரிந்தது.

அவர் விட்ட இடத்தில் தேனுகா பிடித்தாள். கோபம் ஏறிய குரல். ஒரு சொல்லும் பிசகவில்லை. திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று முடிவு வரை ஓதித்தான் நிறுத்தினாள்.

வெளிவீதியில் அவள் அவரை மறித்து நின்றாள். "நீங்களும் வரியை விட்டனீங்கள். உங்களுக்கு ஆர் அறையிறது?"

அவருடைய கை பழக்கத்தில் எழும்பியது. அதில் உபயகாரருக்கு மரியாதையாக ஐயர் கொடுத்த காளாஞ்சித் தட்டு இருந்தது. வெற்றிலையும் பழமும் சரிந்தன. பக்கத்தில் நின்ற தர்மிளாவிடம், முகத்தைப் பாராமல், அதை நீட்டினார்.

"பிடியும். அடுத்த வருசமும் இவள்தான் ஓதுவாள். வகுப்பிலை இவளுக்குக் கை வைச்சுப்போடாதேயும். விளங்குதோ?"

"ஓம் ஐயா."

தேனுகா தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து, அவர் பார்க்கவே உரிக்கத் தொடங்கினாள்.